சுற்றுச்சூழல் வரி போட்டால் வெளிநாட்டு ஆலைகள் ஓடிவிடுமா? சீனக் கணக்கை வைத்துப் பேசுவோம்

கரிசல்காட்டான் (இழையைத் தொடங்கியவர்)

தொலைக்காட்சியில் எந்தப் பொருளாதார விவாதம் ஓடினாலும் ஒருவர் இதைச் சொல்லாமல் எழுந்திருப்பதில்லை: "மாசுக்கு வரி போட்டா வெளிநாட்டுக் கம்பெனி பக்கத்து நாட்டுக்கு மூட்டை கட்டிடும்." எதிரே இருப்பவர் "அதெல்லாம் பூச்சாண்டி சார்" என்பார். இரண்டு பேரும் கடைசிவரை ஒரு எண்ணைக்கூட வாயில் எடுக்க மாட்டார்கள். இங்கே விவரம் தெரிந்தவர்கள் நாலு பேர் இருக்கிறீர்கள். எண்ணை வைத்தே பேசலாம் என்றுதான் இந்த இழை.

சீனாவை எடுத்துக்கொள்ளலாம் என்பது என் யோசனை. அங்கே 2018 ஜனவரி 1 முதல் சுற்றுச்சூழல் பாதுகாப்பு வரி இருக்கிறது. சட்டம் நாடு முழுக்க ஒன்றுதான், விகிதத்தை மட்டும் மாகாணமே முடிவு செய்துகொள்ளலாம். காற்று மாசுக்கு ஓர் அலகுக்கு 1.2 யுவானிலிருந்து 12 யுவான் வரை, நீர் மாசுக்கு 1.4 முதல் 14 வரை. பெய்ஜிங் இரண்டிலும் உச்சத்தைப் பிடித்தது. ஜியாங்சி இரண்டிலும் அடிமட்டம். குவாங்டொங் காற்றுக்கு 1.8, நீருக்கு 2.8. நாணயம் ஒன்று, சுங்கம் ஒன்று, வருமான வரிச் சட்டம் ஒன்று, மாசின் விலை மட்டும் இடத்துக்கு இடம் பத்து மடங்கு வரை மாறுகிறது. இந்தச் சண்டையைத் தீர்க்க இதைவிட வசதியான இடம் எனக்குத் தெரியவில்லை.

கேள்வி இவ்வளவுதான்: இந்தப் பத்து மடங்குக்காக எவனாவது ஆலையைப் பெயர்த்துக்கொண்டு போனானா?

வரிப்புலி

முதலில் அந்த "அலகு" எவ்வளவு என்று பார்த்துவிடுவோம். இல்லாவிட்டால் பத்து மடங்கு என்ற சொல்லே ஆளை மிரட்டும்.

சல்ஃபர் டை ஆக்சைடு என்றால் 0.95 கிலோ ஓர் அலகு. நைட்ரஜன் ஆக்சைடுக்கும் அதே அளவு. கழிவுநீரில் சிஓடி (நீரில் எவ்வளவு கழிவு இருக்கிறது என்று காட்டும் ஆக்சிஜன் தேவைக் கணக்கு) ஒரு கிலோ, அம்மோனியா நைட்ரஜன் 0.8 கிலோ. கொதிகலன் வைத்திருக்கும் ஒரு நடுத்தர ஆலை ஆண்டுக்கு 20 டன் சல்ஃபர் டை ஆக்சைடு விடுகிறது என்று வைத்துக்கொள்வோம். 21,053 அலகு வரும். ஜியாங்சியில் வரி 25,263 யுவான். பெய்ஜிங்கில் 2,52,632 யுவான். வித்தியாசம் 2.27 லட்சம் யுவான்.

2018இல் சீன நகர்ப்புறங்களில், அங்கே 'தனியார்' என்று தனியாகக் கணக்கிடும் நிறுவனங்களைத் தவிர்த்துவிட்டுப் பார்த்தால், ஓர் ஊழியரின் சராசரி ஆண்டுச் சம்பளம் 82,000 யுவானுக்குச் சற்று மேல். ஆக அந்தப் "பத்து மடங்கு" மூன்று ஆள் சம்பளத்துக்குக்கூட வரவில்லை. இதில் தள்ளுபடி வேறு உண்டு. அனுமதித்த அடர்த்தியைவிட 30 சதவீதம் குறைத்து வெளியிட்டால் வரியில் கால்வாசி போகும், 50 சதவீதம் குறைத்தால் பாதி போகும். ஒழுங்காக ஆலை நடத்துகிறவன் பெய்ஜிங்கிலேயே 1.26 லட்சத்தோடு முடித்துக்கொள்ளலாம்.

நாடு முழுக்க 2018இல் இந்த வரி ஈட்டியது சுமார் 1,510 கோடி யுவான். அந்த ஆண்டு சீனாவின் மொத்த வரி வருவாய் 15.6 லட்சம் கோடி யுவான். ஆயிரத்தில் ஒரு பங்கு. யானைப் பசிக்குச் சோளப்பொரி.

இன்னொன்றையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 2008க்கு முன்பு சிறப்புப் பொருளாதார மண்டலங்களில் வெளிநாட்டுக் கம்பெனிக்கு வருமான வரி 15 சதவீதம், உள்ளூர்க் கம்பெனிக்கு 33. அதை எல்லோருக்கும் 25 என்று ஆக்கினார்கள். பத்துப் புள்ளி ஏற்றத்துக்கே பெரும்பாலானவர்கள் அசையவில்லை, பொரிக்காகவா அசையப் போகிறார்கள்?

நெய்தல்

வரிப்புலி சார், கணக்கு சுத்தம். ஆனால் உங்களுக்குத் தோதான உதாரணமாகப் பார்த்து எடுத்திருக்கிறீர்கள். 20 டன் விடுகிறவனைப் பற்றி யாருக்குக் கவலை? ஆயிரக்கணக்கான டன் விடும் எஃகு ஆலை, சிமென்ட், உரம், சாய இடைப்பொருள் செய்கிறவனுக்கு இதே விகிதம் கோடியில் போய் நிற்கும். அவன் லாபமே மூன்று, நாலு சதவீதம்தான். மொத்த வருவாயில் ஆயிரத்தில் ஒன்று என்று சராசரி காட்டினால், அந்த ஒன்று யார் தலையில் விழுகிறது என்பது மறைந்துபோகிறது.

அபாயக் கழிவுக்கு டன்னுக்கு 1,000 யுவான் என்று சட்டத்தில் இருக்கிறது. அதையும் கணக்கில் சேருங்கள்.

சூச்சோ ரிட்டர்ன்

நெய்தல், அந்த 1,000 யுவான் முறைப்படி அப்புறப்படுத்தாத கழிவுக்கு மட்டும்தான். உரிமம் உள்ள ஆளிடம் ரசீதோடு கொடுத்துவிட்டால் வரி கிடையாது. உரிமக்காரன் வாங்கும் கூலிதான் வலிக்கும், வரி வலிக்காது.

நான் ஜியாங்சு மாகாணம் சூச்சோவில் சர்க்யூட் போர்டு ஆலை ஒன்றில் கழிவுநீர்ப் பிரிவில் இருந்தேன். கம்பெனி பெயர் வேண்டாம். வரிக்கு முன்னால் இருந்த மாசுக் கட்டணக் காலத்தையும் பார்த்திருக்கிறேன், வரி வந்த பிறகும் பார்த்திருக்கிறேன். அங்கே இருந்தவனாகச் சொல்கிறேன், விகிதத்தைப் பற்றி ஆலைக்குள் யாரும் பேசியதில்லை. பேசியதெல்லாம் மீட்டரைப் பற்றித்தான்.

கழிவுநீர் வெளியேறும் இடத்தில் ஏசி போட்ட சின்ன அறை ஒன்று இருக்கும். உள்ளே சிஓடி, அம்மோனியா, தாமிரம் அளக்கும் கருவிகள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை தானாகவே மாதிரி இழுக்கும். எண் நேரே சுற்றுச்சூழல் அலுவலகத்துக்குப் போகும், அதே எண் ஆலை வாசலில் பெரிய எல்இடி பலகையில் ஓடும். ரீஏஜன்ட் பாட்டில் தீர்ந்துபோய் எண் வராமல் நின்றால் உடனே போன். "எண் ஏன் வரவில்லை?" என்று கேட்பார்கள். எண் கூடுதலாக வந்தால்கூட இவ்வளவு சீக்கிரம் போன் வராது!

கட்டணக் காலம் வேறு மாதிரி. ஆலை ஒரு தொகை சொல்லும், அதிகாரி ஒரு தொகை சொல்வார், நடுவில் எங்கேயோ முடியும். 2003க்கு முன்பு இன்னும் மோசம் என்று மூத்தவர்கள் சொல்வார்கள். அளவுக்கு மேல் போனதற்கு மட்டும்தான் கட்டணம், வசூலானதில் 80 சதவீதம் வரை மாசுத் தடுப்பு என்ற பெயரில் அந்த ஆலைகளுக்கே திரும்பிவிடும். வரியாக மாறியதும் வசூல் வரித் துறையிடம் போனது. பொய்க் கணக்கு கொடுத்தால் வரி ஏய்ப்பு. வாட் வரி ரீஃபண்டுக்கு வரித் துறை வாசலில் நிற்கிற கம்பெனி இதில் விளையாடாது. விகிதம் ஏறாமலேயே வரி ஏறியது என்றால் அது இப்படித்தான்.

சூச்சோ ரிட்டர்ன்

இன்னொரு விஷயம், முந்தைய பதிவில் சேர்க்க மறந்தது. 2017 செப்டம்பரில் ஷாங்காயில் நடந்ததைத் தேடிப் பாருங்கள். ஜெர்மனியின் ஷாஃப்லர் கம்பெனிக்கு ஊசி பேரிங் கம்பி இழுத்துக் கொடுத்த உள்ளூர் சப்ளையர் ஒருவரைச் சுற்றுச்சூழல் காரணம் சொல்லி மூடினார்கள். ஷாஃப்லரின் சீனப் பிரிவு அரசுக்கு அவசரக் கடிதம் எழுதியது: வேறு ஆள் பிடிக்க மூன்று மாதம் கொடுங்கள், இல்லாவிட்டால் 30 லட்சம் கார் உற்பத்தி பாதிக்கும், 30,000 கோடி யுவான் நஷ்டம் என்று. சப்ளையரிடம் முறையான அனுமதியே இல்லை என்று அதிகாரிகள் பதில் சொன்னார்கள்.

எந்த வரி விகிதம் ஒரு கம்பெனியை இப்படிக் கடிதம் எழுத வைக்கும்? வெளிநாட்டுக்காரன் தூக்கத்தைக் கெடுத்தது மத்திய அரசின் சுற்றுச்சூழல் சோதனைக் குழு. 2016இல் ஹெபேயில் தொடங்கி 2017 முடிவதற்குள் 31 மாகாணங்களையும் அது சுற்றி முடித்தது. ஓர் ஊருக்குள் வந்தால் ஒரு மாதம் அங்கேயே தங்கும்.

அரையணா பொருளியல் (ஆய்வு மாணவி)

சூச்சோ அண்ணா சொன்னதற்கு அந்தப் பக்கம் ஆய்வும் இருக்கிறது. கேள்விக்கு நேராகப் பொருந்துவது 2009இல் வந்த ஒன்று, டீன், லவ்லி, வாங் மூன்று பேரும் செய்தது. 1993 முதல் 1996 வரை சீனாவில் வெளிநாட்டுக்காரரும் உள்ளூர்க்காரரும் சேர்ந்து தொடங்கிய 2,886 கூட்டு நிறுவனங்கள் எந்த மாகாணத்தைத் தேர்ந்தெடுத்தன, அங்கே உண்மையில் வசூலான மாசுக் கட்டணம் எவ்வளவு என்று பொருத்திப் பார்த்தார்கள்.

முடிவு இரண்டாகப் பிரிந்தது. அதிகம் மாசு செய்யும் தொழிலில் ஹாங்காங், மக்காவ், தைவான் பக்கத்து முதலீடு கட்டணம் குறைவான மாகாணங்களைத் தேடிப் போனது. மற்ற நாடுகளிலிருந்து வந்த முதலீடு, தொழில் எவ்வளவு அழுக்காக இருந்தாலும், அப்படித் தேடியதற்குத் தடயம் இல்லை.

ஒரே ஒரு ஆய்வை வைத்துச் சொல்லக் கூடாது என்பதால் இன்னொன்று. 1998இல் அமில மழைக்கும் சல்ஃபருக்கும் என்று 175 நகரங்களைக் கட்டுப்பாட்டு மண்டலமாக அறிவித்தார்கள். அதை வைத்து 2016இல் சாய், லூ, வூ, யூ நால்வர் செய்த ஆய்வு, கெடுபிடி கூடிய இடத்தில் அந்நிய முதலீடு குறைந்தது உண்மைதான் என்கிறது. ஆனால் குறைத்தவர்கள் யார் என்று பிரித்துப் பார்த்தால், சீனாவைவிடச் சுற்றுச்சூழல் சட்டம் தளர்வான நாடுகளிலிருந்து வந்தவர்கள். கறாரான நாட்டிலிருந்து வந்தவர்களை அது அசைக்கவே இல்லை.

காரணம் யூகிக்க முடிகிறதுதானே. ஜெர்மன் கம்பெனி சொந்த ஊரில் போட்ட அதே வடிகட்டியோடு அதே வரைபடத்தில் ஆலையை இறக்குகிறது. மாகாணத்துக்கு ஒரு வரைபடம் போட்டால்தான் அதற்குச் செலவு. வாடகைக் கொட்டகையில் முலாம் பூசுகிறவனுக்குக் கழிவுநீர்ச் செலவுதான் மொத்த லாபமும்.

நெய்தல்

அப்போ ஐரோப்பியன் உத்தமன், ஹாங்காங்காரன் அயோக்கியன். ஆய்வு முடிந்தது. கலைந்து போகலாமா?

அரையணா பொருளியல்

அப்படி யார் சொன்னது அக்கா? ஹாங்காங் என்று பதிவான பணத்தில் ஒரு பகுதி சீனாவுக்குள்ளிருந்தே வெளியே போய், வெளிநாட்டு முதலீட்டுச் சலுகைக்காக ஹாங்காங் வழியாகத் திரும்பி வந்த பணம். அன்றைக்கு வருமான வரியில் 15க்கும் 33க்கும் இருந்த இடைவெளிக்கு யார்தான் போய்த் திரும்ப மாட்டார்கள்? அதனால் "எந்த நாட்டுக்காரன்" என்பதைவிட, எவ்வளவு பெரிய ஆலை, எந்தத் தொழில்நுட்பம், யாருக்கு விற்கிறான் என்பதுதான் உள்ளே வேலை செய்கிறது. தவிர அது 90களின் தரவு. இன்றைய தைவான் சிப் கம்பெனியின் தலையில் அதைக் கட்ட முடியாது.

மட்டுறுத்துநர்

இன, தேச வசவு கலந்த இரண்டு பதிவுகள் நீக்கப்பட்டன. விஷயத்தோடு நில்லுங்கள்.

பெஞ்சுரு பாலன்

சிங்கப்பூரிலிருந்து. ஜூரோங் தீவில் ஷிஃப்ட் பார்க்கிறவன் நான். சீனக் கதையில் கரி வரியே இல்லை, அவர்கள் வரி கரியமில வாயுவைத் தொடுவதில்லை. எங்கள் ஊரில் அது மட்டும்தான் இருக்கிறது, அதனால் சொல்கிறேன்.

2019இல் தென்கிழக்கு ஆசியாவிலேயே முதலாவதாக வந்தது. டன்னுக்கு 5 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). 2024இல் 25 ஆனது. 2026இல் 45. 2030க்குள் 50 முதல் 80 வரை என்று அரசாங்கம் முன்கூட்டியே சொல்லிவிட்டது. ஆண்டுக்கு 25,000 டன்னுக்கு மேல் விடுகிற ஆலைகளுக்கு மட்டும். மொத்தமே ஐம்பது ஆலை பக்கம்தான் வரும், அதில் பெரிய தலைகள் பெரும்பாலும் இங்கே தீவில் இருப்பவை. ஏழு தீவைச் சேர்த்து மண் கொட்டி உண்டாக்கிய இடம், 2000இல் திறந்தது. இருப்பவர்கள் பெரும்பாலும் வெளிநாட்டுக்காரர்கள். கடலைத் தாண்டினால் மலேசியாவின் ஜொகூரில் பெங்கெராங், பெட்ரோனாஸும் அரம்கோவும் சேர்ந்து கட்டிய சுத்திகரிப்பு ஆலை. இந்தப் பக்கம் இந்தோனேசியாவின் பாத்தாம் தீவு. ஓடணும் என்றால் தூரம் ஒன்றும் கிடையாது.

5லிருந்து 25 ஆனபோது எங்கள் கேண்டீனில் எல்லாருக்கும் இதே பேச்சுத்தான், வேலை இருக்குமா என்று. பிறகு பார்த்தால் சுத்திகரிப்பு, பெட்ரோகெமிக்கல் ஆலைகளுக்கு 2024, 2025 இரண்டு வருடமும் 76 சதவீதம் வரை தள்ளுபடி என்று ராய்ட்டர்ஸ் எழுதியது. முழுத் தள்ளுபடி கிடைத்தவனுக்கு 25 வெள்ளி 6 வெள்ளி ஆகிவிடும். பழைய 5க்கும் இதற்கும் ஒரு வெள்ளிதான் வித்தியாசம்.

ஷெல் போய்விட்டதே என்பீர்கள். 1961இல் புக்கோம் தீவில் கட்டிய ஆலையை இந்தோனேசியாவின் சந்திரா அஸ்ரியும் கிளென்கோரும் சேர்ந்த கூட்டுக்கு விற்றார்கள், 2025 ஏப்ரலில் கை மாறியது. ஆனால் ஆலை அங்கேயேதான் இருக்கிறது. அதே புகைபோக்கி, அதே வரி. போனது முதலாளி மட்டும். அதுகூட வரியாலா, சீனா கொட்டிக் குவித்த பெட்ரோகெமிக்கலால் விலை விழுந்ததாலா என்று கேட்டால், எங்கள் சூப்பர்வைசர்கள் எல்லாம் இரண்டாவதைத்தான் சொல்வார்கள்.

வரிப்புலி

பாலன், நான் எண்ணை வைத்துச் சுற்றிச் சுற்றி வந்த இடத்துக்கு நீங்கள் ஒரே பதிவில் கொண்டுவந்து விட்டுவிட்டீர்கள்.

25 வெள்ளி ஏன் 6 ஆனது? ஓடக்கூடியவன் யார் என்று பார்த்துத்தான் அரசு தள்ளுபடியை எழுதுகிறது. ஸ்வீடனும் இதைத்தான் செய்தது. 1991இல் கரி வரி போட்டார்கள். இரண்டே ஆண்டில், 1993இல், தொழிற்சாலைகளுக்கு மட்டும் கால் பங்கு கட்டினால் போதும் என்று ஆக்கினார்கள். வீட்டுக்காரனும் கார்க்காரனும் முழு வரி கட்டினார்கள். வீட்டை எடுத்துக்கொண்டு பின்லாந்துக்கு ஓட முடியாது பாருங்கள். பொதுவான தொழிற்சாலை விகிதம் முழு விகிதத்தைத் தொட்டது 2018இல்தான்.

இப்போது சீன விகிதப் பட்டியலை இதே கண்ணோடு படியுங்கள். பெய்ஜிங்கால் எப்படி 12 போட முடிந்தது? அங்கே ஓடுவதற்கு யாரும் மிச்சமில்லை. தலைநகரின் பெரிய எஃகு ஆலையான ஷோகாங்கை 2010 முடிவோடு நிறுத்தி, உற்பத்தியை ஹெபே கடற்கரையில் சாவ்ஃபெய்டியனுக்கு ஏற்கெனவே அனுப்பிவிட்டார்கள். அது அரசு ஆலை, வரிக்குப் பயந்து போகவில்லை, மேலிடம் சொன்னதால் போனது. காலியான ஊரில் உச்ச வரி போட்டால் யாருக்கு வலிக்கும்? அடுத்து ஹெபேயைப் பாருங்கள். பெய்ஜிங்கை ஒட்டிய மாவட்டங்களில் மட்டும் காற்று மாசுக்கு 9.6, தள்ளிப் போகப் போக 4.8 வரை இறங்குகிறது. வேலிக்கு அந்தப் பக்கம் வந்து உட்காராதே என்று சொல்கிற விகிதம் அது. ஜியாங்சி 1.2இல் நிற்பது, குவாங்டொங்கிலிருந்து வெளியேறுகிறவன் தன் வழியாகத்தான் போவான் என்று தெரிந்து நிற்பது.

வரி முழுவதும் உள்ளூர் அரசுக்கே. கட்டணக் காலத்தில் பத்து சதவீதம் மையத்துக்குப் போனது, அதுவும் இப்போது இல்லை. விகிதமும் அவர்களுடையது, வருவாயும் அவர்களுடையது, முதலீட்டைப் பிடித்துவர வேண்டிய பொறுப்பும் அவர்களுடையது.

அதனால் "வரியால் யாரும் ஓடவில்லை" என்று புள்ளிவிவரம் காட்டினால் நான் கொஞ்சம் நிதானிப்பேன். யார் ஓடுவான் என்று பார்த்து அவனுக்குக் குறைத்த பிறகு மிச்சம் இருக்கிற வரியைத்தான் நாம் அளக்கிறோம். யாரும் ஓடாததில் என்ன அதிசயம்?

நெய்தல்

இதைத்தானே சார் நான் மூன்றாவது பதிவிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஓடுவார்கள் என்பதால்தானே குறைக்கிறார்கள்!

வரிப்புலி

ஓடுவார்கள் என்று *நம்புவதால்* குறைக்கிறார்கள். உண்மையில் ஓடியிருப்பார்களா என்பதைக் கண்டுபிடிக்க வழியில்லாமல் செய்துவிடுகிறார்கள். கம்பெனிக்காரனுக்கு அந்த நம்பிக்கையே போதும். அமைச்சர் காதில் "பெங்கெராங்" என்று ஒரு வார்த்தை சொன்னால் வேலை முடிந்தது, பெட்டி கட்ட வேண்டியதே இல்லை.

சாயத்தொட்டி

திருப்பூர். ரொம்ப நேரமா படிச்சிட்டு இருக்கேன், ஒரு விஷயம் சொல்லிட்டுப் போறேன்.

2019 மார்ச் 21, ஜியாங்சு மாகாணம் ஷியாங்ஷுயில ஒரு கெமிக்கல் பார்க் வெடிச்சுது. 78 பேர் செத்தாங்க. அதுக்கப்புறம் அந்த மாகாணத்துல கெமிக்கல் பார்க்கை எல்லாம் பாதிக்கு மேல குறைக்கிறோம்னு கிளம்பினாங்க. சாய இடைப்பொருள் விலை எகிறுச்சு. இங்க எங்க பட்டறைக்கு வர்ற ரியாக்டிவ் சாயத்துக்கு டீலர் காலைல ஒரு ரேட், சாயங்காலம் ஒரு ரேட் சொன்னான். குஜராத்துல இடைப்பொருள் செய்யறவங்களுக்கு நல்ல ஆர்டர். அதுக்கும் ஒரு வருஷம் முன்னாடியே வரி வந்துடுச்சுன்னு இந்த இழையைப் படிச்சுதான் எனக்குத் தெரியுது. வரி வந்தப்ப எங்க ரேட்டுல ஒரு ரூபாயும் மாறலை.

எங்க ஊர்லயும் வரி இல்லீங்க. 2011 ஜனவரில உயர் நீதிமன்றம் நொய்யல் வழக்குல சாயப்பட்டறை பூராத்தையும் மூடச் சொல்லுச்சு. சொட்டுத் தண்ணி வெளிய விடாம சுத்திகரிக்கணும்னு ஆச்சு. ஆர்ஓ, எவாப்பரேட்டர், கரண்டு பில்லு. அதுல தாக்குப் பிடிச்சவன் இருக்கான், முடியாதவன் போயிட்டான். லிட்டருக்கு இவ்வளவு வரின்னு அப்பவே போட்டிருந்தா கட்டிட்டுக் கொஞ்சம் கொஞ்சமா மாறியிருப்போமோ என்னவோ.

கேள்வி என்னன்னா, சீனாவுல இருந்து கிளம்புறவன் நம்ம பக்கம் வர்றானா இல்லையா?

சூச்சோ ரிட்டர்ன்

சாயத்தொட்டி அண்ணே, கிளம்பியவர்கள் பெரும்பாலும் நாட்டுக்குள்ளேயேதான் நகர்ந்தார்கள். குவாங்டொங்கில் 2008 வாக்கில் "கூண்டைக் காலி செய், பறவையை மாற்று" என்றே ஒரு கொள்கை ஓடியது, வாங் யாங் அங்கே கட்சிச் செயலாளராக இருந்தபோது. பொம்மை, செருப்பு, முலாம், தோல் எல்லாம் முத்தாற்றுப் படுகையை விட்டு உள்ளே போ என்றார்கள். போனார்கள். இவர்களில் நிறையப் பேர், அந்த 2009 ஆய்வு சொல்கிற அதே ஹாங்காங், தைவான் கூட்டம்.

பெரிய முதலீடு எங்கே போனது தெரியுமா? வரி வந்த அதே 2018இல், ஜூலையில், ஜெர்மன் ரசாயனக் கம்பெனி பிஏஎஸ்எஃப் குவாங்டொங்கில் சான்ஜியாங்கில் ஆயிரம் கோடி டாலர் அளவுக்கு வளாகம் கட்ட ஒப்பந்தம் போட்டது. முழுக்கத் தன் சொந்த உடைமையாக. அதே மாதம் டெஸ்லா ஷாங்காயில் கையெழுத்திட்டது. 2020இல் எக்சான்மொபில் ஹுய்சோவில் பூமி பூஜை. சல்ஃபர் டை ஆக்சைடுக்கு ஷாங்காயின் வரி விகிதம் ஜியாங்சியைப் போல ஐந்து மடங்குக்கும் மேல். டெஸ்லா அதைக் கேட்டிருக்குமா என்றே சந்தேகம். உள்ளூர்க் கூட்டாளி இல்லாமல் தனியாகத் தொடங்கலாம் என்ற அனுமதி, 15 சதவீத வருமான வரி, பக்கத்திலேயே துறைமுகம், சப்ளையர்கள். அந்தப் பட்டியலில் சல்ஃபர் அலகு எத்தனையாவது இடத்தில் வரும்?

பிஏஎஸ்எஃப்பே ஜெர்மனியில் லுட்விக்ஸ்ஹாஃபனில் 2023இல் அம்மோனியா யூனிட் ஒன்றை மூடியபோது சொன்ன காரணத்தில் எரிவாயு விலைதான் முன்னால் நின்றது.

அரையணா பொருளியல்

இங்கே ஒரு எச்சரிக்கை. 2018க்குப் பிறகு வியட்நாமுக்குப் போன ஆலைகளைக் காட்டி "பார், வரி வந்ததும் போனான்" என்று கட்டுரை எழுதுகிறார்கள். வரி வந்தது ஜனவரியில். அமெரிக்கா சீனப் பொருள்கள் மீது 25 சதவீதச் சுங்கம் போடத் தொடங்கியது ஜூலையில். ஆறு மாத இடைவெளி. ஆண்டுக்கு ஒரு எண் மட்டும் வைத்திருக்கிற தரவில் இரண்டையும் பிரிக்கவே முடியாது. மாகாணங்களுக்கு இடையே ஒப்பிட்டால் கொஞ்சம் பிரிக்கலாம். கட்டணத்திலிருந்து வரிக்கு மாறும்போது விகிதத்தை ஏற்றிய மாகாணங்கள் உண்டு, பழையதை அப்படியே வைத்துக்கொண்ட மாகாணங்களும் உண்டு. சுங்கம் இரண்டு பக்கமும் ஒன்றுதான். ஆனால் வரிப்புலி சார் சொன்ன சிக்கல் அங்கேயும் துரத்தும், ஏற்றியவர்கள் யார் என்பது சும்மா சீட்டுக் குலுக்கி விழுந்ததில்லை.

கரிசல்காட்டான்

நல்ல இழையாகிவிட்டது, எல்லோருக்கும் நன்றி. கடைசியாக ஒன்று. ஐரோப்பா எல்லையில் கரி வரி வைக்கிறதே, 2026 ஜனவரி முதல் முழு அமலில். எங்கே செய்தாலும் ஐரோப்பாவுக்குள் வரும்போது கட்டித்தான் ஆக வேண்டும் என்றால், வரி குறைந்த ஊரைத் தேடிப் போவதற்கே அர்த்தமில்லாமல் போய்விடாதா? சீனாவில் கட்டிய சுற்றுச்சூழல் வரியைக் கழித்துக்கொள்ளலாமா?

அரையணா பொருளியல்

கழிக்க முடியாது. அங்கே கழிவது கரியமில வாயுவுக்குக் கட்டிய விலை மட்டும். சல்ஃபருக்கும் சிஓடிக்கும் ஜியாங்சியில் கட்டினால் என்ன, பெய்ஜிங்கில் கட்டினால் என்ன, ஐரோப்பிய எல்லையில் அது செல்லாது.

இன்னொன்று, எல்லாப் பொருளுக்கும் அது இல்லை. சிமென்ட், இரும்பு எஃகு, அலுமினியம், உரம், மின்சாரம், ஹைட்ரஜன் ஆறு மட்டும். பாலன் அண்ணாவின் பெட்ரோகெமிக்கல் இதில் வராது. செருப்பும் சட்டையும் வராது.

வரும் பொருள்களுக்கு ஒரு சுவாரசியம் இருக்கிறது. உள்ளூரில் கட்டிய கரி வரியைக் கழிக்கும்போது தள்ளுபடியாகத் திரும்பி வந்த தொகையைச் சேர்த்துக் காட்ட விடமாட்டார்கள். 25 வெள்ளி வரி போட்டு 19 வெள்ளி திருப்பிக் கொடுத்தால் 6 வெள்ளிக்குத்தான் கழிவு. ஓடிவிடுவான் என்று பயந்து கொடுக்கிற தள்ளுபடி, ஐரோப்பாவுக்குப் போகிற எஃகில் அப்படியே ஐரோப்பியக் கஜானாவுக்குப் போய்ச் சேரும்.

நெய்தல்

சீனா தன் கரிச் சந்தையை (ஆலைக்கு இவ்வளவு கரியமில வாயு என்று ஒதுக்கி, மிஞ்சியதை விற்கவும் பற்றாததை வாங்கவும் விடுகிற ஏற்பாடு) 2025இல் எஃகு, சிமென்ட், அலுமினியத்துக்கு நீட்டியது அதனால்தானோ? பணம் வெளியே போகாமல் உள்ளேயே நிற்கட்டும் என்று?

அரையணா பொருளியல்

காலம் பொருந்துகிறது, நோக்கத்தை நான் சத்தியம் செய்ய மாட்டேன் அக்கா. ஆனால் அங்கே ஆலைகளுக்கு ஒதுக்கீடு பெரும்பாலும் இலவசம். இலவசமாகக் கொடுத்ததற்குக் கழிவு கிடையாது. ஒதுக்கீடு பற்றாமல் போய்ச் சந்தையில் காசு கொடுத்து வாங்கிய டன்னுக்கு மட்டும்தான் கேட்க முடியும்.